சலவை அக்காவின் நீண்ட சிகிச்சை

என் பெரியம்மாவுக்கு இருந்த ஒரே பெரிய வியாதி, கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்வாள் என்பதுதான். அது மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அந்த மனநல ஆஸ்பத்திரி அவளை ஒரே வருடத்தில் வீட்டுக்கு அனுப்பியிருக்கும். சட்டையைக் கிழித்தவர்களை அனுப்பினார்கள். தட்டை விட்டெறிந்தவர்களைக்கூட, "வீட்டுச் சூழலில் தேறுவார்" என்று சொல்லி, வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். பெரியம்மா பாவம், உள்ளேயே தேறித் தொலைத்துவிட்டாள். தேறியவளை வெளியே விட்டால் அப்புறம் துணியை யார் துவைப்பது?

அவள் உள்ளே போன கதை சின்னதுதான். கல்யாணமாகி, முதல் குழந்தை பிறந்த அன்றே செத்துப்போனது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை, சாப்பிடவில்லை, ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். இதற்குத் துக்கம் என்று ஒரு பெயர் உண்டு என்பது அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. "கண் டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்" என்று சொல்லி பெரியப்பா அவளைக் காரில் ஏற்றினார். கண் டாக்டரிடம் போக மாற்றுத்துணி எதற்கு என்று கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை. உள்ளே விட்ட கையோடு அவர் அவளைத் தலைமுழுகினார். அடுத்த வருடமே இன்னொருத்திக்குப் புருஷனாகிவிட்டார். வாய்ச் சாமர்த்தியம் உள்ள மனுஷன், அந்தப் பெண் வீட்டில் என்ன கதை அளந்தாரோ.

என் அம்மா அவளுக்குத் தங்கை. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவர்களுடைய அப்பா கொஞ்ச நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு அவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. சந்தைக்குப் போகும்போதும் சீட்டாடப் போகும்போதும் வலிக்காத முழங்கால் அது. மரியாதை தெரிந்த முழங்கால், குடும்ப கௌரவத்தை நன்றாகவே காப்பாற்றியது.

ஆஸ்பத்திரியை ஊருக்கு வெளியே கட்டியிருந்தார்கள். ஊர் வளர்ந்து அதைச் சுற்றிக்கொண்ட பிறகும் மதில் சுவர் மட்டும் அப்படியே நின்றது. மேலே கண்ணாடிச் சில்லு பதித்திருந்தார்கள். உள்ளே இருப்பவர்களின் பாதுகாப்புக்காக என்று பலகை சொன்னது. சில்லுகளின் முனை எல்லாம் உள்பக்கம்தான் சாய்ந்திருந்தது.

முதல் சூப்பிரண்டு குளிர்ந்த தண்ணீர் கட்சி. மனசு சூடாவதால்தான் புத்தி பேதலிக்கிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆகவே ஆளைத் தொட்டியில் உட்கார வைத்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி மேலே தார்ப்பாயைக் கட்டி, ஊறப்போடுவார். பெரியம்மாவும் ஊறினாள். அவள் தேறியது தண்ணீரால்தான் என்று அவர் ஒரு மாநாட்டில் பேசிக் கைத்தட்டல் வாங்கினார். உண்மையில் அவளைத் தேற்றியது பக்கத்துக் கட்டில்காரி. அவளும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். இருவரும் ஒரு மத்தியானம் சேர்ந்து உட்கார்ந்து அழுதார்கள். அவ்வளவுதான் வைத்தியம். அதற்குத் தொட்டியும் வேண்டாம், தார்ப்பாயும் வேண்டாம் என்பதால் மாநாட்டில் அதைப்பற்றி யாரும் பேசவில்லை.

எழுந்து உட்கார்ந்தவள் சும்மா இருந்திருக்கலாம். ஈரத்துணி மூட்டையைத் தூக்க முடியாமல் தூக்கிப்போன ஆயாவுக்கு ஒரு கை கொடுத்தாள். அன்றைக்கே அவள் தலையெழுத்து முடிவாகிவிட்டது. சலவைக் கூடத்தில் ஆள் இறங்கிக் குளிக்கும் அளவுக்குப் பெரிய செப்புக் கொப்பரைகள், கீழே அடுப்பு, கிளறுவதற்கு நீளக் கட்டை. வார்டுகளிலிருந்து வரும் விரிப்பில் என்னென்ன இருக்கும் என்று நான் விவரிக்கப் போவதில்லை, நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் படிக்கலாம். வெந்த விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று முறுக்கிப் பிழிய வேண்டும். சம்பளத்துக்கு வைத்த இரண்டு பேரில் ஒருவர் சூப்பிரண்டு வீட்டுத் தோட்டத்தில் இருந்தார், மற்றவர் டீக்கடையில் இருந்தார். பெரியம்மா வந்த பிறகு விரிப்புகள் மூலைக்கு மூலை பொருந்த மடித்து நேரத்துக்கு வந்தன. எல்லோருக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று.

இரண்டாவது சூப்பிரண்டு, தண்ணீர் வைத்தியம் மூடநம்பிக்கை என்றார். அவர் ஊசி போட்டு ஆளை மயக்கத்தில் ஆழ்த்தி, பிறகு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பினார். எழுந்தவர்கள் குணமானவர்கள். எழாதவர்களைப் பற்றி அவர் மாநாடுகளில் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. மூன்றாமவர் ஊசிக்காரரைக் காட்டுமிராண்டி என்று திட்டினார். அவர் நாகரிகமானவர், மண்டையில் கரண்ட் வைத்தார். நான்காமவர் காலத்தில் மாத்திரை வந்தது. மாத்திரையால் நிஜமாகவே மீண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அவர் அதை எல்லோருக்கும் ஒரே அளவில் வாரி வழங்கினார். கை நடுங்கியது. நடுக்கத்துக்கு வேறொரு மாத்திரை. அதனால் வாய் உலர்ந்தது. வாய் உலர்ந்தவர்கள் பேசவில்லை, வார்டு அமைதியானது, அவருக்குப் பதவி உயர்வு வந்தது.

இத்தனை வைத்தியப் புரட்சிக்கும் நடுவில் பெரியம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வேலை மாறவில்லை, வேலையின் பெயர்தான் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் அதற்குப் பெயர் "பொழுது போகட்டும்". அப்புறம் "உழைப்புச் சிகிச்சை". அடுத்தவர் வந்து "தொழிற்பயிற்சி" என்றார், கொப்பரையில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்குத் துவைக்கப் பயிற்சி! கடைசியில் "மறுவாழ்வு" ஆயிற்று. சிகிச்சைக்கு யாராவது கூலி கொடுப்பார்களா என்ன? அவளுக்கும் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு "சலவை அக்கா" என்று பெயர். சொந்தப் பெயர் டாக்டர்களுக்கே மறந்துபோயிருந்தது.

வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்காமலும் அவள் இல்லை. மழைக்காலத்தில் கேட்டால், "துணியே காய மாட்டேங்குது, இப்பப் போய் கெளம்பறேங்கறியேம்மா" என்பார்கள். வெயில் வந்ததும் கேட்டால், "கம்பளி துவைக்கிற நேரமாச்சே, முடியட்டும்" என்பார்கள். வானத்தைப் பார்த்து நோயாளியை வைத்துக்கொண்ட ஆஸ்பத்திரி உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இந்தப் பக்கம் எங்கள் குடும்பத்தின் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். யார் விசாரித்தாலும் அம்மா, "எங்க அக்கா பெரிய ஆஸ்பத்திரியில வேலையா இருக்கா" என்று சொல்லிவிடுவாள். பூசி மெழுகுவதற்காகச் சொன்ன அந்தப் பொய்தான் அவளைப் பற்றி யாரும் சொன்ன ஒரே உண்மை. என் கல்யாணப் பேச்சின்போது என் மாமியாருக்கு இதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியா? எங்க சின்னவனுக்கும் அங்க ஒரு எடம் கெடைக்குமான்னு கேட்டுச் சொல்லுங்களேன்."

"எடம் கெடைக்கறது கஷ்டமில்லைங்க," என்றாள் அம்மா. "வெளிய வர்றதுதான் கஷ்டம்."

"நிரந்தர வேலைன்னா எவன் வெளிய வருவான்!" என்றார் மாமியார். அந்தக் கல்யாணம் நிச்சயமானதில் பெரியம்மாவுக்கும் பங்கு உண்டு.

கல்யாணத்துக்குப் பிறகு என் கணவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் எலெக்ட்ரீஷியன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மண்டையில கரண்ட் வெக்கறாங்களே, எர்த் எல்லாம் ஒழுங்கா போட்டிருக்காங்களா?" என்றார். எங்கள் உறவில் அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி அக்கறையாக ஒரு கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அம்மா போன பிறகுதான் நான் பெரியம்மாவைப் பார்க்கப் போக ஆரம்பித்தேன். நான் தையல்காரி, வீட்டு முன்னறையிலேயே கடை. பின்னறையில் அம்மாவின் கட்டில் காலியாகக் கிடந்தது. சலவைக் கூடத்தை ஒட்டிய கல் பெஞ்சில் உட்கார்ந்து, "வந்துடறியா பெரியம்மா?" என்று கேட்டேன். அவள் கையைப் பார்த்துக்கொண்டாள். சவுக்காரம் தின்று நகமெல்லாம் மழுங்கிப்போன கை.

"வரணும்டி. ஒரு ரூம், ஒரு கதவு. நான் சாத்தினா சாத்தணும், நான் தெறந்தா தெறக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

அந்தக் கதவை அவளுக்குக் கொடுத்தே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அவளிடம் ஒரு பழக்கம் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பூட்ஸ் சத்தம் கேட்டது. பெரியம்மா விருட்டென்று எழுந்தாள். கைகளைத் தொங்கவிட்டு, தலையை நிமிர்த்தி, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "எல்லாம் நல்லாருக்குங்க ஐயா. எந்தக் கொறையும் கெடையாதுங்க." வந்தவர் குழாய் ரிப்பேர்காரர். "அப்ப எதுக்கும்மா என்னை வரச் சொன்னீங்க?" என்று அவர் முழித்தார். அவர் பின்னால் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது.

நான் சிரித்துவிட்டேன். பெரியம்மா சிரிக்கவில்லை. ரிப்பேர்காரர் போன பிறகுதான் காரணத்தைச் சொன்னாள்.

கரண்ட் சூப்பிரண்டு காலத்தில் மேலிடத்திலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்தாராம். "ஏதாவது குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்" என்றாராம். பக்கத்துக் கட்டில்காரி, பெரியம்மாவோடு சேர்ந்து அழுதவள், கஞ்சியில் புழு இருக்கிறது என்று தயங்காமல் சொன்னாள். இன்ஸ்பெக்டர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே அவளுக்குக் "கிளர்ச்சி" என்று ஒரு நோய் வந்துவிட்டது. அதற்குக் கரண்ட் வைத்தார்கள், திரும்பத் திரும்ப வைத்தார்கள். புழுவை அவள் மறந்தாள். கூடவே தனக்கு ஒரு பிள்ளை பிறந்ததையும் மறந்துபோனாள்.

"அப்புறம் புதுசா யாரு வந்தாலும் நான்தான் சொல்லிக்குடுப்பேன். பூட்ஸ் சத்தம் கேட்டா எழுந்து நில்லு, நல்லாருக்குன்னு சொல்லு, வேற எதுக்கும் வாயத் தெறக்காத. எத்தனை பேரைக் காப்பாத்தியிருக்கேன் தெரியுமா?"

காப்பாற்றத்தான் செய்திருக்கிறாள். அதன் பிறகு அந்தப் பெண்கள் வார்டிலிருந்து ஒரு புகார்கூட எழுந்ததில்லை. குறையே இல்லாத வார்டு என்று ஆஸ்பத்திரிக்கு மேலிடம் பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. அதைக் கண்ணாடி போட்டுச் சூப்பிரண்டு அறையில் மாட்டியிருக்கிறார்கள், நானே பார்த்தேன். எனக்கு அதைக் கழற்றி எறிய வேண்டும் போல இருந்தது.

இந்தச் சமயத்தில் சட்டம் மாறியது. மனநோயாளியை மதிலுக்குள் வைத்திருப்பது மனிதத்தன்மை அல்ல, மக்களோடு மக்களாக வைத்துத்தான் சிகிச்சை தர வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நோயாளியின் விருப்பமே முக்கியம் என்று பேப்பரில் பக்கம் பக்கமாக வந்தது. அதே வருடம் ஆஸ்பத்திரிக்குப் பெரிய சலவை இயந்திரமும் வந்தது. இயந்திரமும் மனித உரிமையும் ஒன்றாக வந்து இறங்கியது தற்செயல்தான், நாம் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரித்து அனுப்ப ஒரு குழு போட்டார்கள். ஒரு டாக்டர், ஒரு வக்கீலம்மா, ஒரு சமூக சேவகர். சொந்தக்காரி என்பதால் என்னையும் பின் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பெரியம்மா துவைத்து மடித்த கவுனைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். மேஜைக்கு அடியில் மூன்று ஜோடி பூட்ஸ்.

"இங்க எல்லாம் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

"எல்லாம் நல்லாருக்குங்க ஐயா. எந்தக் கொறையும் கெடையாதுங்க."

"வீட்டுக்குப் போகணும்னு ஆசை இருக்கா?"

"இங்கயே நல்லாருக்குங்க ஐயா."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்து மனம் நெகிழ்ந்தார்கள். சமூக சேவகர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அந்த ஆஸ்பத்திரியில் முதல் முறையாக அவளுடைய விருப்பம் என்ன என்று யாரோ கேட்டார்கள். ஆஸ்பத்திரி கற்றுக்கொடுத்த பதிலை அவள் சொன்னாள். அதைத்தான் மதித்தார்கள்.

நான் வெளியே ஓடிப்போய் டாக்டரை மறித்தேன். "அவங்க பயத்துல சொல்றாங்க சார். என்கிட்ட வரணும்னுதான் சொன்னாங்க."

"உங்க அன்பு புரியுதும்மா," என்றார் அவர். "ஆனா நோயாளியோட விருப்பத்துக்கு மாறா எதையும் செய்ய முடியாது. முன்ன மாதிரி இல்ல, இப்ப சட்டம் ரொம்ப கண்டிப்பு."

மேல்முறையீடு செய்தேன். குழுவினர் பூட்ஸைக் கழற்றிவிட்டு விசாரிக்க வேண்டும் என்றும் கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. நடுவில் கிடைத்த நாட்களில் கல் பெஞ்சில் பெரியம்மாவுக்கு ஒத்திகை நடத்தினேன்.

"வீட்டுக்கு வரியா பெரியம்மா?"

"வரேன்டி."

"இதையே அங்கயும் சொல்லு."

"சொல்லிடறேன், சொல்லிடறேன். என்னை என்ன சின்னக் கொழந்தைன்னு நெனச்சியா?" என்று எரிந்து விழுந்தாள். அந்த எரிச்சல் எனக்கு நம்பிக்கையாக இருந்தது. அன்றைக்கே திரும்பும் வழியில் தச்சரிடம் பின்னறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது விசாரணைக்கு என் கணவர் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். வராந்தா பெஞ்சில் மற்ற பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எங்களுக்குப் பிறகு அவர்கள் முறை. உள்ளே அதே மேஜை, அதே மூன்று பேர். புழுக்கமாக இருக்கிறது என்று கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

"சொல்லுங்கம்மா, வீட்டுக்குப் போக விருப்பமா?"

பெரியம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். கைகள் தாமாகவே தொங்கின, தலை நிமிர்ந்தது, கண் சுவருக்குப் போய்விட்டது. "எல்லாம் நல்லாருக்குங்க ஐயா," என்றாள்.

எனக்கு மண்டைக்குள் என்னவோ வெடித்தது. எழுந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. அவள் ஆயுசையே கொப்பரையில் போட்டுக் காய்ச்சிவிட்டு இப்போது விருப்பமா கேட்கிறீர்கள் என்றேன். உங்களுக்கெல்லாம் வெட்கமே இல்லையா என்றேன். மேஜையையும் தட்டினேன் போலிருக்கிறது, பிறகு கை வலித்தது.

டாக்டர் கோபித்துக்கொள்ளவே இல்லை. தேன் ஒழுகும் குரலில், "நீங்க ரொம்ப டென்ஷனா இருக்கீங்கம்மா. ராத்திரியெல்லாம் தூக்கம் எப்படி?" என்றார். பிறகு பெரியம்மாவை ஒரு பார்வை பார்த்து, பக்கத்தில் இருந்த சமூக சேவகரிடம் குரலைத் தாழ்த்தி, "ரத்த சம்பந்தம் வேற, பாருங்க" என்றார். வாசலில் நின்ற அட்டெண்டரிடம் தலையை அசைத்தார். "இவங்களப் பக்கத்து ரூம்ல கொஞ்ச நேரம் உக்கார வைங்க. சிஸ்டர வரச் சொல்லுங்க."

அட்டெண்டரின் கை என் தோளில் விழுந்தது. நான் பயந்தேன். கத்தக் கத்த அது இன்னும் மோசமாகும் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

"கைய எடு."

சுவரைப் பார்த்து நின்ற பெரியம்மா திரும்பியிருந்தாள். அட்டெண்டரின் மணிக்கட்டைப் பிடித்து, ஈர விரிப்பை முறுக்குவது போல ஒரு முறுக்கு முறுக்கினாள். அவன் ஆ என்று விலகினான்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல. அவ சொல்றதெல்லாம் நெசம். இங்க எதுவும் நல்லால்ல. கஞ்சில இன்னிக்கும் புழு கெடக்கு. குளிக்கற எடத்துக்குக் கதவு கெடையாது. மாத்திரை வேண்டாம்னா மூக்கப் புடிச்சுக் கரைச்சு ஊத்தறாங்க. எனக்கு எப்பவோ கொணமாயிடுச்சு, உங்க எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சேதான் வெச்சிருந்தீங்க. நான் போகணும். இவ வீட்டுக்குப் போகணும். இவமேல எவனாவது கைய வெச்சீங்கன்னா..." அதற்கு மேல் அவளுக்கு மூச்சு வாங்கியது.

டாக்டர் பேனாவை எடுத்தார். "கிளர்ச்சி நிலை," என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதப் போனார். இத்தனை சூப்பிரண்டுகள் மாறியும் அந்த வார்த்தை மட்டும் ஓய்வு பெறவில்லை. அதுவரை வாயே திறக்காமல் இருந்த வக்கீலம்மா அந்தத் தாளின் மேல் கையை வைத்தார்.

"டாக்டர், இதுக்குப் பேர் விருப்பம். நாமதான கேட்டோம்?"

டாக்டர் பேனாவை மூடினார். தான் ஒருபோதும் எதிர்க்கவில்லையே என்றார். நோயாளியின் முன்னேற்றம் தனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிப்பதாகவும் சேர்த்துக்கொண்டார். அடுத்த மாநாட்டில் பேச அவருக்கும் ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. கையெழுத்துகள் விழுந்தன. நான் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வராந்தாவுக்கு வந்தோம். பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். கதவு திறந்திருந்ததே, ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தார்கள். வாசலில் வேன் நின்றது தெரிந்தது. நான் அவளை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

பெஞ்சின் முன்கோடியில் இருந்த ஒல்லியான பெண் எழுந்து பெரியம்மாவின் கவுன் நுனியைப் பிடித்தாள். அடுத்த முறை அவளுடையதுதான்.

"அக்கா, இப்ப சொல்லலாமா?"

பெரியம்மா நின்றுவிட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? ஒரு வக்கீலம்மா ஒரு தடவை ஒரு தாளின் மேல் கை வைத்ததைப் பார்த்திருக்கிறாள். அதற்கு முன்னால் பார்த்ததெல்லாம் வேறு. வாசலைப் பார்த்தாள், திறந்திருந்த கதவைப் பார்த்தாள், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். வா பெரியம்மா, நமக்கெதற்கு, போய்விடலாம் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு இன்னும் ஒரு நிமிஷம்கூட அவளை அந்தக் கட்டடத்தில் விட எனக்கு மனசில்லை. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

"சொல்லு," என்றாள் பெரியம்மா. "நல்லா சத்தமா சொல்லு. நான் இங்கயேதான் உக்காந்திருக்கேன்."

அந்தப் பெண் காலி செய்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து எனக்கும் இடம் விட்டாள். நான் வாசலுக்குப் போய், நேரமாகும், காத்திருங்கள் என்று கணவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். உள்ளே அந்தப் பெண் பேச ஆரம்பித்திருந்தாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பெரியம்மா கதவைப் பார்த்து, "இன்னும் சத்தமா" என்றாள்.